வரிச் சண்டைக்கு ஜெனீவாவில் பஞ்சாயத்து: யார் போகலாம், என்ன கிடைக்கும்?

2025 ஆகஸ்டு 27ஆம் தேதி, இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா ஏற்கெனவே போட்டிருந்த 25 சதவீதக் கூடுதல் வரியோடு இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. கரூர் படுக்கை விரிப்பு, மேலூர் கிரானைட், ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி என்று மதுரையைச் சுற்றி வெளிநாட்டு வியாபாரம் பேசப்படும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "இன்டர்நேஷனல் கோர்ட்டுல கேஸ் போட்டா வரிய ரத்து பண்ணிரலாம்ல?"

இந்த ஒரு வரிக் கேள்வியில் மூன்று தவறுகள் இருக்கின்றன. கேஸ் போடும் உரிமை ஏற்றுமதியாளருக்குக் கிடையாது. போகவேண்டிய இடம் கோர்ட் கிடையாது, ஜெனீவாவில் இருக்கும் உலக வணிக அமைப்பு. நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஜெனீவாவில் உட்காருகிற நடுவருக்கு எந்த நாட்டின் வரியையும் ரத்து செய்யும் அதிகாரமும் இல்லை. அப்படியானால் அந்த ஏற்பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பயன் இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற பயன் அல்ல.

சண்டை யாரோடு?

"வரித் தகராறு" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சண்டைகளைச் சொல்கிறோம். அதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது, சுங்கத் துறையோடு. தூத்துக்குடியில் இறக்கிய உதிரிபாகத்தை அதிகாரி வேறொரு எச்எஸ் கோடில் போட்டு இரட்டிப்பு வரி கேட்கிறார். எச்எஸ் கோடு என்பது பொருளுக்கு வைத்திருக்கும் எண்; அதன் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். இந்தத் தகராறுக்கு யாரும் கடல் தாண்ட வேண்டாம். உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையர், அடுத்து சென்னையில் உள்ள சுங்கத் தீர்ப்பாயம், சில வகை வழக்குகளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. இதே தவறு அமெரிக்கத் துறைமுகத்தில் நடந்தால் ஆட்சேபம் எழுத வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்த பையர். அவருக்குச் சுங்கக் கணக்கு முடித்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு.

இரண்டாவது, பையரோடு. ஏறிய வரியை யார் சுமப்பது என்ற தகராறு.

மூன்றாவது, நாட்டுக்கும் நாட்டுக்கும். அந்த வரியையே நீ போட்டிருக்கக் கூடாது, கொடுத்த வாக்கை மீறிவிட்டாய் என்ற சண்டை. ஜெனீவா இந்த மூன்றாவதுக்கு மட்டும்தான்.

நடுவர் தீர்ப்பு என்ற சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டு தகராறை மூன்றாம் ஆளிடம் கொடுத்து, அவர் சொல்வதற்குக் கட்டுப்படுவதுதான் நடுவர் தீர்ப்பு. மத்தியஸ்தம் வேறு, மத்தியஸ்தர் யோசனை சொல்வார், பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.

கண்மாயும் வண்டிப்பாதையும்

கண்மாய்க்கு மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர். மடை மேற்கூரார் கையில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் வண்டிப்பாதை கிழக்கூரார் நிலத்தில் கிடக்கிறது. இரண்டு ஊரும் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள்: மடை இரண்டு சாணுக்குக் குறையாமல் திறந்திருக்கும், வண்டிக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ஒரு வருடம் மேற்கூரார் மடையை ஒரு சாணுக்கு இறக்கிவிட்டார்கள்.

கூப்பிடப் போலீஸ் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கூரார் முதலில் போய்ப் பேச வேண்டும். காய்ந்தது ஒருவருடைய வயல் மட்டுமே என்றாலும் பேசப் போவது ஊர்தான், அந்த ஆள் அல்ல. பேச்சு முறிந்தால் வேற்றூர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வந்து, எழுதி வைத்ததைப் படித்து, "ஒரு சாண் இறக்கியது தப்பு" என்பார்கள். "சரி, மடையைத் திருத்த நாள் கொடுங்கள்" என்று மேற்கூரார் கேட்டால், எத்தனை நாள் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும்.

அந்த நாளும் போய்விட்டது, மடை அப்படியே இருக்கிறது. இப்போது பெரியவர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போவதில்லை. கிழக்கூருக்கு எத்தனை மூட்டை விளைச்சல் குறைந்தது என்று அளக்கிறார்கள். நாற்பது மூட்டை என்றால் நாற்பது மூட்டை மதிப்புக்கு வண்டிக் கட்டணத்தை ஏற்றிக்கொள்ளக் கிழக்கூருக்கு அனுமதி. நாற்பத்தோராவது மூட்டைக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே காய்ந்துபோன பயிருக்கு நட்டஈடும் இல்லை.

உலக வணிக அமைப்பில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

எழுதி வைத்த வாக்கு எது?

காட் என்ற வரி உடன்பாடு 1948 முதல் நடப்பில் இருக்கிறது. அதைத் தன்னுள் கொண்டு 1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு தொடங்கியது. இந்தியா இரண்டிலும் ஆரம்ப உறுப்பினர். இன்று 166 உறுப்பினர்கள். இந்த உடன்பாட்டில் வரியைப் பொறுத்தவரை தெரிந்துகொள்ள வேண்டிய வாக்குகள் இரண்டு.

ஒன்று வரம்பு வரி. ஒவ்வொரு பொருளுக்கும் "இதற்கு மேல் போக மாட்டேன்" என்று ஒரு நாடு எழுதிக் கொடுத்த உச்ச அளவு இது. அன்றாடம் வசூலிக்கும் வரி இதைவிடக் குறைவாக இருக்கலாம். பாமாயிலுக்கு இந்தியா எழுதிக் கொடுத்த வரம்பு 300 சதவீதம். வசூலிப்பதோ அதைவிட மிகவும் குறைவு. ஆகவே பாமாயில் வரியை நாளைக்கே இரட்டிப்பாக்கினாலும் இந்த விதியைக் காட்டி வழக்குப் போட முடியாது. வரி ஏறியதாலேயே அது விதிமீறல் ஆகிவிடாது. வரம்பைத் தாண்டினால்தான் மீறல். பத்திரிகைத் தலைப்புகளில் அடிக்கடி தொலைந்துபோவது இந்த வேறுபாடுதான். அமெரிக்கா எழுதிக் கொடுத்த வரம்புகள் பெரும்பாலும் தாழ்ந்தவை, அதனால்தான் 2025-இன் 50 சதவீதம் அவற்றைத் தாண்டிப் போனது.

இன்னொன்று சமவரி விதி. ஒரு பொருளுக்கு ஓர் உறுப்பினருக்கு என்ன வரியோ அதுவே எல்லா உறுப்பினருக்கும். சுதந்திர வணிக உடன்பாடும், வளரும் நாடுகளுக்குத் தரும் சலுகையும் இதற்கு விதிவிலக்கு.

வழக்கு நகரும் விதம்

அரசு முதலில் எதிர் நாட்டிடம் கலந்தாய்வு கேட்க வேண்டும். அதற்கு 60 நாள். தீராவிட்டால் விசாரணைக் குழு கேட்கலாம்; வழக்கமாக மூன்று பேர், இரு தரப்பு நாட்டினரும் அல்லாதவர்கள். எதிர் நாடு இதை ஒருமுறை தள்ளிப்போடலாம், இரண்டாம் கூட்டத்தில் தடுக்க முடியாது. எல்லா உறுப்பினரும் சேர்ந்து வேண்டாம் என்றால்தான் குழு அமையாமல் நிற்கும். வழக்குப் போட்டவரே வேண்டாம் என்று சொல்வாரா? அறிக்கைக்கு விதிப்படி ஆறு மாதம், நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். அதன்மேல் முறையீடு கேட்க ஏழு பேர் கொண்ட மேல்முறையீட்டு மன்றம் இருந்தது. ஒரு வழக்கை மூன்று பேர் கேட்பார்கள், 60 முதல் 90 நாளில் முடிக்க வேண்டும்.

"இருந்தது" என்று எழுதியதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்தால்: வழக்காளி அரசு, ஏற்றுமதியாளர் அல்ல. கேள்வி வரி அதிகமா என்பதல்ல, எழுதிக் கொடுத்த வாக்கை மீறியதா என்பது. அதைச் சொல்வது விசாரணைக் குழு. நடுவர் இன்னும் வரவேயில்லை.

நடுவர் நுழையும் இரண்டு வாசல்கள்

முதல் வாசல், காலம். இதற்கு நல்ல உதாரணம் இந்தியாவே தொடுத்த ஒரு வழக்கு. போதைப்பொருள் ஒழிப்பில் ஈடுபட்ட நாடுகளுக்கு என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் 12 நாடுகளுக்குத் தனி வரிச்சலுகை கொடுத்தது. பாகிஸ்தானும் அதில் சேர்க்கப்பட்டது. நம் துணிக்கு வரி, அதே ஜாதித் துணி கராச்சியிலிருந்து போனால் சலுகை. 2002 மார்ச்சில் இந்தியா புகார் கொடுத்தது. 2004 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் அந்தச் சலுகை விதிக்கு ஒவ்வாதது என்றது. உடனே நிறுத்த வேண்டுமா? ஐரோப்பா நீண்ட அவகாசம் கேட்டது, இந்தியா குறைந்த காலம் போதும் என்றது. ஒற்றை நடுவர் 14 மாதம் 11 நாள் என்று அளந்து 2005 ஜூலை 1 என்று கெடு வைத்தார். விதியில் வழிகாட்டு அளவு 15 மாதம். சூழ்நிலையைப் பொறுத்து கூடலாம், குறையலாம். அந்த நடுவர் வரியைத் தொடவே இல்லை. நாள்காட்டியில் ஒரு தேதியை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் வாசல், தொகை. கெடு தாண்டியும் தோற்ற நாடு திருந்தவில்லை என்றால் வென்ற நாடு பதிலடி வரிக்கு அனுமதி கேட்கலாம். எவ்வளவுக்கு என்பதில் சண்டை வந்தால் நடுவரிடம் போகும். இதுதான் நாற்பது மூட்டைக் கணக்கு. ஏர்பஸ் விமானத்துக்கு ஐரோப்பிய நாடுகள் கொடுத்த மானியம் பற்றிய வழக்கில் அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி டாலர் கேட்டது. 2019 அக்டோபரில் நடுவர்கள் அனுமதித்தது சுமார் 750 கோடி. அடுத்த ஆண்டே போயிங் மானியத்துக்காக ஐரோப்பாவுக்கு 399 கோடி டாலர் அளந்தார்கள்.

அந்த 750 கோடிக்கு அமெரிக்கா வரி போட்ட பட்டியலில் பிரெஞ்சு ஒயினும் ஸ்பானிய ஆலிவ் காயும் ஸ்காட்லாந்து விஸ்கியும் இருந்தன. விமானத்துக்கும் ஆலிவ் காய்க்கும் என்ன சம்பந்தம் என்று அந்த ஊர் விவசாயி கேட்டிருப்பார். சம்பந்தம் இல்லாததுதான் உத்தி. எந்தத் தொழில்காரர் கத்தினால் எதிர் நாட்டு அரசின் காதில் விழும் என்று பார்த்துத்தான் பொருளைப் பொறுக்குவார்கள்.

ஆக, வென்ற நாட்டின் ஏற்றுமதியாளர் கைக்கு எதுவும் வருவதில்லை. அவர் கட்டிய பழைய வரி திரும்பாது. கிடைப்பது, எதிர் நாட்டின் கையை முறுக்க அளவு குறித்த ஓர் அனுமதி மட்டுமே.

பூஜ்யம் போட்ட கணக்கு

நம் பக்கத்து நெசவுக்கு நேரடியாகத் தொடர்புள்ள வழக்கு ஒன்று உண்டு. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உள்ளூரில் விற்கும் விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் விற்றால் அதைப் பொருள்குவிப்பு என்பார்கள். அதனால் தன் நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு என்று நிரூபித்தால் இறக்குமதி நாடு அந்த விலை இடைவெளி அளவுக்குக் கூடுதல் வரி போடலாம். இது பொருள்குவிப்புத் தடுப்பு வரி. 1997 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது இதைப் போட்டது.

அவர்கள் கணக்குப் போட்ட விதத்தைச் சிறு எண்களில் காட்டுகிறோம். ஓர் ஆலை இரண்டு ரக விரிப்பு அனுப்புகிறது. முதல் ரகம் உள்ளூரில் 500 ரூபாய், ஏற்றுமதி விலை 450, இடைவெளி 50. இரண்டாம் ரகம் உள்ளூரில் 600, ஏற்றுமதி விலை 650. இங்கே வெளிநாட்டு விலைதான் 50 கூடுதல். இரண்டையும் கூட்டினால் 50-க்கு 50 கழிந்து இடைவெளி இல்லை, வரியும் இல்லை. ஆனால் ஐரோப்பா இரண்டாம் ரகத்தில் வந்த கழித்தல் 50-ஐப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது. அப்போது மொத்த இடைவெளி 50 ஆகவே நிற்கும். ஏற்றுமதி மதிப்பு 1,100-க்கு 50 என்றால் சுமார் நாலரை சதவீதம். 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விசாரணையையே கைவிட வேண்டும் என்பது விதி. பூஜ்யம் போட்டதால் அந்தக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது. நட்டம் வந்த நாளை மட்டும் எழுதி, லாபம் வந்த நாளில் பூஜ்யம் போடும் கணக்குப்பிள்ளையை எந்த மண்டியிலாவது வைத்துக்கொள்வார்களா?

1998 ஆகஸ்டில் இந்தியா புகார் கொடுத்தது. 2001 மார்ச் 1 அன்று மேல்முறையீட்டு மன்றம் இந்தப் பூஜ்ய முறை தவறு என்றது. அந்த ஆகஸ்டில் வரி வசூல் நிறுத்தி வைக்கப்பட்டது. திருத்திய கணக்கு சரிதானா என்ற இரண்டாம் சுற்று 2003 வரை நீண்டது. வென்றது பெரிய வெற்றி, பூஜ்ய முறைக்கு எதிராக பிற்பாடு வந்த வழக்குகளுக்கெல்லாம் இதுவே அடித்தளம். ஆனால் வரி விழுந்த நாளிலிருந்து நின்ற நாள் வரை மூன்றரை வருடத்துக்கு மேல். வங்கிக் கடன் அவ்வளவு நாள் காத்திருக்காது.

இப்படி ஒரு விசாரணை தொடங்கினால் ஏற்றுமதியாளருக்கே கேள்விப்பட்டியல் வரும். பதிலுக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்பது விதி. ரக வாரியாக உள்ளூர் விலை, ஏற்றுமதி விலை, உற்பத்திச் செலவு, கழிவு, சரக்குக் கட்டணம் என்று இன்வாய்ஸ் எண்ணோடு கேட்பார்கள். பல சிறு ஆலைகள் சறுக்குவது இங்கேதான். எல்லா ரகத்துக்கும் ஒரே மொத்தச் செலவுக் கணக்கு வைத்திருப்பார்கள், ரகம் பிரித்துக் காட்ட முடியாது. அல்லது பயந்து பதிலே அனுப்ப மாட்டார்கள். பதில் வராவிட்டால் கையில் இருக்கும் தகவலை வைத்து வரியை நிர்ணயிக்க விசாரிப்பவருக்கு உரிமை உண்டு. அது பெரும்பாலும் புகார் கொடுத்த எதிராளியின் கணக்கு. ஒத்துழைத்த ஆலைக்குத் தனி விகிதம் கிடைக்கலாம். பேசாமல் இருந்தவர்களுக்கு உச்ச விகிதம். டில்லியில் உள்ள வணிகத் தீர்வு இயக்குநரகம் இப்படிச் சிக்கும் ஏற்றுமதியாளர்களுக்கு உதவுகிறது. கடிதம் வந்த வாரமே அங்கேயும் தொழிலுக்குரிய ஏற்றுமதி வளர்ச்சிக் கழகத்துக்கும் எழுதிவிட வேண்டும்.

ஆளில்லாத மேல்மன்றம்

மேல்முறையீட்டு மன்றத்துக்குப் புது உறுப்பினரை நியமிக்க எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மன்றம் தன் எல்லையை மீறுகிறது என்று சொல்லி அமெரிக்கா நியமனங்களைத் தடுத்துக்கொண்டே வந்தது. 2019 டிசம்பர் 11 முதல் வழக்குக் கேட்க மூன்று பேர் இல்லை. 2020 நவம்பர் 30-இல் கடைசி ஆளின் பதவிக்காலமும் முடிந்தது.

விளைவு விசித்திரமானது. மேல்முறையீடு செய்யும் உரிமை மட்டும் உயிரோடு இருக்கிறது. விசாரணைக் குழுவில் தோற்ற நாடு மேல்முறையீடு என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் வழக்கு அங்கேயே உறைந்துவிடும். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, பதில் வரட்டும் என்று திண்ணையில் உட்கார்வது மாதிரி. எஃகு, அலுமினியத்துக்குப் போட்ட கூடுதல் வரி தவறு என்று 2022 டிசம்பரில் சீனா, நார்வே உள்ளிட்டவை தொடுத்த வழக்குகளில் அறிக்கை வந்தபோது அமெரிக்கா இதையே செய்தது. நாமும் சளைத்தவர்கள் அல்ல. கைப்பேசி முதலான மின்னணுப் பொருள்களுக்கு இந்தியா போட்ட வரி வரம்பை மீறியது என்று 2023 ஏப்ரலில் அறிக்கை வந்தது. ஜப்பான், ஐரோப்பிய ஒன்றிய வழக்குகளில் இந்தியாவும் அதே காலி வீட்டுக்குத்தான் மனு கொடுத்தது.

இந்த ஓட்டையை அடைக்கச் சில நாடுகள் 2020-இல் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்தன: மேல்முறையீட்டை நடுவர்களிடம் கொடுப்போம், அவர்கள் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம். ஐரோப்பிய ஒன்றியம், சீனா, பிரேசில், ஆஸ்திரேலியா, பிற்பாடு ஜப்பான் இதில் இருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த உறைந்த உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கொலம்பியா போட்ட பொருள்குவிப்புத் தடுப்பு வரி பற்றி 2022 டிசம்பரில் வந்ததுதான் இந்த ஏற்பாட்டின்கீழ் முதல் தீர்ப்பு. அமெரிக்காவும் இந்தியாவும் இதில் சேரவில்லை. எனவே 2025-இன் 50 சதவீத வரிக்கு இந்த வாசலும் திறந்திருக்காது.

பேச்சில் முடிந்தவை

2018-இல் அமெரிக்கா எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி போட்டது. 2019 ஜூனில் இந்தியா 28 அமெரிக்கப் பொருள்களுக்குப் பதிலடி கொடுத்தது. 50 சதவீதமாக இருந்த ஆப்பிள் வரி 70 ஆனது அப்போதுதான். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஜெனீவாவில் வழக்குப் போட்டார்கள். முடிவு தீர்ப்பில் வரவில்லை. 2023 ஜூனில் ஆறு வழக்குகளைப் பேசி முடித்துக்கொண்டார்கள். இந்தியா ஆப்பிள், பாதாம், வால்நட், கொண்டைக்கடலை மீதான கூடுதல் வரியை எடுத்தது. அப்படியானால் வழக்கு வீணா? இல்லை. பேச்சு மேசையில் கொடுக்கல் வாங்கலுக்கு வைக்க ஒரு சரக்கு வேண்டும், வழக்கு அந்தச் சரக்கு.

சுதந்திர வணிக உடன்பாடுகளிலும் தனி நடுவர் ஏற்பாடு உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவோடு அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் நடப்பில் இருப்பவை இந்த வகை. அங்கேயும் வழக்காளி அரசுதான். 2025-இல் வரி ஏறியபோது அமெரிக்காவோடு இந்தியாவுக்கு இப்படி ஓர் உடன்பாடு இல்லை.

பையரோடு உள்ள தகராறு: இங்கே நடுவர் உங்களுடையவர்

ஏற்றுமதியாளர் தானே நடுவரிடம் போக முடிகிற ஒரே இடம் வணிக ஒப்பந்தம். இங்கே வரி செல்லுமா என்று யாரும் கேட்பதில்லை. யார் கட்டுவது, சரக்கை எடுக்க மறுத்தது ஒப்பந்த மீறலா என்பதுதான் கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது விலை எந்த அடிப்படையில் என்பதை. தூத்துக்குடி எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏற்றியதோடு விற்றவர் பொறுப்பு முடிகிறது. இறக்குமதி வரி பையருடையது. டிடிபி என்று எழுதியிருந்தால் வரி கட்டி, வாசல் வரை கொண்டுபோய்க் கொடுப்பது விற்றவர் கடமை. ஏறிய வரி முழுவதும் அவர் தலையில். ஆன்லைன் சில்லறை விற்பனைக்காக டிடிபி-க்கு மாறிய சிறு நிறுவனங்கள் சிக்கியது இதில்தான்.

"தவிர்க்க இயலாத நிகழ்வு" என்ற பிரிவு காப்பாற்றும் என்று இரு தரப்பும் நம்புவார்கள். செலவு கூடியது என்ற ஒரே காரணத்துக்கு ஒப்பந்தம் முறிந்துவிடாது என்பதே இந்தியச் சட்டத்தின் பொது நிலை. வரிக்கென்று தனிப் பிரிவு வேண்டும்: ஆர்டர் போட்ட நாளில் இருந்த விகிதம் எவ்வளவு, எத்தனை சதவீதம் ஏறினால் விலையைத் திரும்பப் பேசலாம், கூடுதலை எந்த விகிதத்தில் பங்கிடுவது, எத்தனை நாளில் ஒத்துவராவிட்டால் விலகலாம், வெட்டித் தைத்து முடித்த சரக்குக்கு என்ன.

நடுவர் பிரிவில் நடுவர் மன்றத்தின் சட்டபூர்வ இருப்பிடம், எந்த நிறுவனத்தின் விதிகள், எத்தனை நடுவர், எந்த மொழி, எந்த நாட்டுச் சட்டம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். "மதுரையிலோ நியூயார்க்கிலோ தீர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிய ஒப்பந்தத்தில் முதல் ஒரு வருடம் எந்த ஊர் என்ற சண்டையிலேயே போகும். சிங்கப்பூரை இருப்பிடமாக வைப்பது நம் ஏற்றுமதியாளர்களிடம் பரவலான வழக்கம். இரண்டு மூன்று கன்டெய்னர் மதிப்புள்ள ஆர்டருக்கு மூன்று நடுவர் என்று எழுதுவது வீண். கட்டணமே சரக்கின் லாபத்தைத் தின்றுவிடும், ஒருவர் போதும். தீர்ப்பு கையில் வந்தபின் பையரின் நாட்டு நீதிமன்றத்தில் அதை நிறைவேற்றக் கேட்கலாம். 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை இதற்காகவே உள்ளது. இந்தியா, அமெரிக்கா உட்பட 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. நிறைவேற்றக் கேட்கும்போது முதலில் தேடுவது நடுவர் பிரிவு உள்ள ஒப்பந்தத்தை. வாட்ஸ்அப்பில் பேசி, புரோஃபார்மா இன்வாய்ஸ் மட்டும் அனுப்பி முடித்த ஆர்டரில் அந்தப் பிரிவு எங்கேயும் இருக்காது.